அறிவிப்பு வந்துச்சு, பணம் எங்கீங்க?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாநில பட்ஜெட்டைப் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: எங்கூருப் பள்ளத்து மேல பாலம் கட்டறோம்னு சட்டமன்றத்துலயே மந்திரி சொன்னாருங்க. ஆடி நோம்பியும் போயிருச்சு, ஒரு லோடு ஜல்லி கூட வந்து எறங்கல. பணம் வந்துச்சா, வரலீங்களா?
– விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பெரும்பாலும் வந்திருக்காதுங்க. அறிவிப்பு ஒன்று, ஒதுக்கீடு வேறொன்று, கருவூலத்தில் பில் பாஸாகி வெளியே வரும் பணம் மூன்றாவது.

மந்திரி எப்போது சொன்னார் என்று முதலில் பாருங்கள். நிதியமைச்சர் பட்ஜெட் உரையில் வாசித்திருந்தால், அச்சான மதிப்பீட்டுப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை (துறை செலவுக்குப் பேரவையிடம் அனுமதி கேட்பது) விவாதத்துக்குப் பதில் சொல்லும்போது அறிவித்திருந்தால், புத்தகம் அதற்கு முன்பே அச்சாகிவிட்டது. பேரவை விதி 110-இன் கீழ் வாசித்திருந்தால் அதன்மேல் விவாதமே கிடையாது. பின்னே சொன்ன இரண்டிலும், துறையின் கையிருப்பு ஒதுக்கீட்டுக்குள் இடம் தேட வேண்டும். இல்லையென்றால் துணை மதிப்பீட்டில், அதாவது பட்ஜெட்டுக்குப் பிறகு பேரவையிடம் கூடுதலாகக் கேட்கும் கணக்கில், பணம் கேட்க வேண்டும்.

புத்தகத்தில் வரி இருந்தாலும் தொகையைப் பாருங்கள். நம் மாநிலப் புத்தகங்களில் தொகை ஆயிரம் ரூபாய்க் கணக்கில் அச்சாகும். உங்கள் பாலத்துக்கு நேரே வெறும் ‘1’ என்று இருந்தால் அது ஆயிரம் ரூபாய். ஒரு கோடி என்று நினைத்துச் சந்தோசப்பட்டவர்கள் உண்டு. இதற்கு அடையாளத் தொகை என்று பெயர். ‘கதவைத் திறந்து வைத்திருக்கிறோம், பணம் பிறகு’ என்பதுதான் அதன் பொருள்.

அதன்பிறகு வரிசையாக நடக்க வேண்டியவை இவை. கோட்டப் பொறியாளர் அலுவலகம் மண் பரிசோதனை செய்து, வெள்ள மட்டம் பார்த்து, எஸ்டிமேட் போட வேண்டும். நிதித்துறை இசைந்த பிறகு நிர்வாக ஒப்புதல் தரும் அரசாணை வர வேண்டும். அதற்கு மேல் தொழில்நுட்ப ஒப்புதல். பிறகு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர். கடைசியாக வேலை உத்தரவு. நடுவில் அணுகுசாலைக்கு ரெண்டு சென்ட் பட்டா நிலம் தேவைப்பட்டாலும், நில எடுப்பில் வருடக் கணக்கில் நின்றுவிடும். பாலங்கள் தாமதமாவதற்குப் பணத்தைவிட இந்த ரெண்டு சென்ட்தான் அதிகம் காரணம்.

இன்னொன்று. நெடுஞ்சாலைத் துறைக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் உரிமை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்குத்தான். ஒப்பந்ததாரர் வேலையை முடித்து அளவுப் புத்தகத்தில் பதிவாகிவிட்டால் அந்தப் பில்லைத் தள்ளிப்போட முடியாது. மிச்சம் இருந்தால்தான் புது வேலை. தண்ணீர் மேல்மடை தாண்டித்தானே கடைமடைக்கு வரும்.

பெரிய திட்டத்துக்கு அத்திக்கடவு–அவிநாசியே சாட்சி. தலைமுறைகளாகக் கேட்டது. 1,652 கோடி ரூபாய்க்கு ஒப்புதலாகி 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கும்போது செலவு 1,916 கோடி. 1,045 குளம் குட்டைகளுக்கு ஆண்டுக்கு 1.5 டிஎம்சி தண்ணீர் கொண்டுபோகும் திட்டம். இந்தப் பணம் ஒரே பட்ஜெட்டில் வந்ததல்ல. ஒவ்வொரு வருடமும் அந்த வருட வேலைக்கு எவ்வளவோ அவ்வளவு. அறிவிப்பில் கேட்கும் பெரிய தொகை திட்டத்தின் மொத்தச் செலவு, புத்தகத்தில் இருப்பது அந்த வருடத்துப் பங்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பட்ஜெட்டை உண்மையில் எழுதுவது யார்? எப்போது வேலை ஆரம்பிக்கிறது?
– போட்டித் தேர்வு எழுதுபவர், நாமக்கல்

சட்டமன்றம் எழுதுவதில்லை. அரசு எழுதுகிறது, சட்டமன்றம் அனுமதிக்கிறது. தேர்விலும் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்.

மார்ச்சில் வாசிக்கும் பட்ஜெட்டுக்கு முந்தைய மழைக்காலத்திலேயே வேலை தொடங்கிவிடும். நிதித்துறை எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பும். முதலில் தயாராவது சம்பளக் கணக்கு. எண்ணிக்கைப் பட்டியல் என்பார்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை, யாருக்கு எந்தக் காலாண்டில் ஊதிய உயர்வு, அகவிலைப்படி எவ்வளவு ஏறும் என்று பெயர்வாரியாகப் போடுவது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, காலியிடத்தையும் ஆள் இருப்பதாகக் காட்டிச் சம்பளம் கேட்பது. அந்தப் பணம் வருடம் முழுவதும் சும்மா கிடந்து மார்ச்சில் திருப்பி ஒப்படைக்கப்படும். அதே நேரத்தில் பக்கத்துத் துறை மருந்து வாங்கப் பணமில்லாமல் நிற்கும்.

அதற்கடுத்து நடப்புத் திட்டங்களின் செலவு. புதுத் திட்டங்கள் தனி. அவற்றைப் பகுதி-2 என்று பிரித்து, துறைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டிவிடுவார்கள். வரவு பக்கத்தை வணிகவரி, பத்திரப்பதிவு, போக்குவரத்து, ஆயத்தீர்வை ஆகிய துறைகள் தனித்தனியாகக் கணித்துத் தரும். பிறகு துறைத் தலைவர்கள் ஒவ்வொருவராக நிதித்துறையோடு உட்கார்ந்து பேசுவார்கள். வெட்டு விழுவது பெரும்பாலும் இந்த அறையில்தான். சட்டமன்றத்தில் அல்ல.

நடப்பு ஆண்டின் முதல் ஏழெட்டு மாதச் செலவைப் பார்த்துத் திருத்திய மதிப்பீடும் கூடவே தயாராகும். கடைசியில் அமைச்சரவை ஒப்புதல், ஆளுநரின் பரிந்துரை. அரசமைப்புச் சட்டத்தின் 202-ஆம் பிரிவுப்படி பேரவையில் வைக்கப்படும் ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’தான் சட்டப்படியான பட்ஜெட். பட்ஜெட் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை.

கேள்வி: ஆளுநர் உரையும் பட்ஜெட்டும் ஒன்றுதானே?
– பள்ளி மாணவி, பவானி

இல்லை கண்ணு. ஆளுநர் உரை 176-ஆம் பிரிவின்படி அந்த ஆண்டின் முதல் கூட்டத்தொடரின் தொடக்கத்தில். அதில் கொள்கைதான், ஒதுக்கீடு கிடையாது. பட்ஜெட்டை நிதியமைச்சர் வாசிப்பார்.

கேள்வி: எங்க எம்.எல்.ஏ. வெட்டுத் தீர்மானம் கொடுத்திருக்கிறாராம். எங்க தொகுதிக்கு வர்ற பணத்தை அவரே எதுக்குங்க வெட்டணும்? அதுக்குப் பதிலா கூட்டிக் கேட்கலாமில்ல?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

கூட்ட முடியாதுங்க. 203-ஆம் பிரிவு பேரவைக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் மூன்று: சம்மதிக்கலாம், மறுக்கலாம், குறைத்துச் சம்மதிக்கலாம். ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்த மானியக் கோரிக்கையும் வர முடியாது என்பதால், உறுப்பினர் எழுந்து ‘என் தொகுதிக்கு இன்னும் பத்துக் கோடி சேருங்கள்’ என்று தீர்மானம் போட வழியே இல்லை. அதனால்தான் குறைப்பது என்ற ஒரே கதவு வழியாக நுழைகிறார்கள். நூறு ரூபாய் குறைக்கச் சொல்வது ஒரு குறிப்பிட்ட குறையைப் பேச. கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொன்னால் கொள்கையே தப்பு என்று பொருள். நடைமுறையில் இவை ஜெயிப்பதில்லை. ஜெயித்தால் அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டது என்று ஆகிவிடும். ஆக உங்கள் எம்.எல்.ஏ. பணத்தை வெட்டவில்லை, பேச நேரம் வாங்கியிருக்கிறார்.

‘மானியம்’ என்ற சொல்லாலும் குழப்பம் வருகிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குக் கொடுப்பதும் மானியம், பேரவையில் கேட்பதும் மானியம். பேரவையில் அதற்குப் பொருள், துறைக்குச் செலவு செய்யத் தரும் அனுமதித் தொகை. காவல்துறைக்கும் மானியக் கோரிக்கை உண்டு.

வரிசை இப்படிப் போகும்: உரை வாசிப்பு, சில நாள் பொது விவாதம், அமைச்சரின் பதிலுரை. பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கைகள். ஒவ்வொரு துறையும் அன்று கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைக்கும். விவாதம், பதில், குரல் வாக்கெடுப்பு. எல்லாக் கோரிக்கையும் நிறைவேறிய பின் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு. அதில் தொகையை மாற்றும் எந்தத் திருத்தமும் செல்லாது. ஆளுநர் ஒப்புதல் தந்தால்தான் தொகுப்பு நிதியிலிருந்து (அரசின் பிரதான கஜானா) ஒரு ரூபாய் எடுக்க முடியும். நம் மாநிலத்தில் மேலவை 1986-இல் ஒழிக்கப்பட்டதால் அந்தப் படி கிடையாது.

வாக்கெடுப்புக்கே வராத செலவுகளும் உண்டு. வாங்கிய கடனுக்கு வட்டி, ஆளுநரின் ஊதியம், பேரவைத் தலைவர், துணைத்தலைவர் சம்பளம், உயர் நீதிமன்ற நீதிபதிகள் சம்பளம், கோர்ட் தீர்ப்புப்படி கட்ட வேண்டியவை. இவை தொகுப்பு நிதியின்மீது ‘சாட்டப்பட்ட’ செலவுகள். பேசலாம், ஓட்டுப் போட முடியாது.

கேள்வி: மார்ச் கடைசி வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த பணம் அப்படியே திரும்பிவிட்டது. ஏற்கெனவே சட்டமன்றம் அனுமதித்த பணம்தானே, ஏப்ரலில் செலவழித்தால் என்ன?
– அரசு ஊழியர், பெருந்துறை

அனுமதி பணத்துக்கு மட்டுமல்ல, காலத்துக்கும் சேர்த்தது. மார்ச் 31 நள்ளிரவோடு அந்த ஆண்டின் நிதி ஒதுக்கச் சட்டத்தின் ஆயுள் முடிகிறது. செலவாகாத தொகை காலாவதி. அதே வேலைக்கு அடுத்த ஆண்டு புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கே தவறுகிறது என்றால், பெரும்பாலும் அரசாணை பிப்ரவரியில் வருவதில்தான். துறைத் தலைவர் அதைப் பிரித்து மாவட்டங்களுக்கு விட, மாவட்டத்தில் பணம் பெற்று வழங்கும் அலுவலரின் கணக்கில் ஏற, அதற்குள் மார்ச் இருபது. விலைப்புள்ளி கேட்கவே நாள் போதாது. இப்போது பில் எல்லாம் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்ட மென்பொருளில் போவதால், கணக்குத் தலைப்பில் (ஒவ்வொரு செலவு இனத்துக்கும் உள்ள எண்) ஒதுக்கீடு ஏறாமல் பில் நகராது. முன்பு கையால் எழுதிக் கருவூலத்தில் கெஞ்சிச் சேர்த்த காலம் போய்விட்டது. அது நல்லதுதான்.

செலவாகாது என்று தெரிந்தால் மார்ச் 31 வரை வைத்திருக்காமல் முன்னதாகவே ஒப்படைக்க வேண்டும். அப்போதுதான் அது வேறிடத்துக்குப் போகும். ஒரே மானியக் கோரிக்கைக்குள் ஒரு தலைப்பில் மிச்சமாவதை இன்னொரு தலைப்புக்கு மாற்றலாம். இது மறுஒதுக்கீடு. ஒரு கோரிக்கையிலிருந்து இன்னொரு கோரிக்கைக்கோ, மூலதனத்திலிருந்து வருவாய்ச் செலவுக்கோ, ஓட்டுக்கு வரும் தொகையிலிருந்து சாட்டப்பட்ட செலவுக்கோ மாற்ற முடியாது.

புத்தகத்தில் இல்லாத புதுச் செலவு அவசரமாக வந்தால் எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுத்து, பிறகு துணை மதிப்பீடு கொண்டுவந்து பேரவையிடம் அனுமதி வாங்கி ஈடுகட்டுவார்கள். பேரவை அனுமதித்ததைவிட அதிகம் செலவாகிவிட்டால் அதைத் தனியே முறைப்படுத்த வேண்டும். தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையை வைத்துக்கொண்டு பேரவையின் பொதுக் கணக்குக் குழு ‘ஏன்’ என்று கேட்டுப் பரிந்துரைத்த பின்பே அது நடக்கும். சில வருடம் தாண்டித்தான் அந்தக் கேள்வி வரும். அதற்குள் அந்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார்.

கேள்வி: விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசம். இதை மின்வாரியம் விட்டுக்குடுக்குதா, அரசாங்கம் கட்டுதா?
– தறி உரிமையாளர், சோமனூர்

அரசு கட்டுகிறது. 750 யூனிட்டாக இருந்ததை 2023-இல் 1,000 ஆக்கினார்கள். கைத்தறிக்கு 200 என்பது 300 ஆனது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி, ஒரு பிரிவினருக்குக் கட்டணச் சலுகை தர அரசு முடிவு செய்தால் அந்தத் தொகையை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே தர வேண்டும். எனவே இது பட்ஜெட்டில் செலவாக வரும். சிக்கல் எங்கே என்றால், பட்ஜெட் போடும்போது ஒரு கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள், நடுவருடத்தில் கட்டணம் ஏறும். அதே ஆயிரம் யூனிட்டுக்கு அரசு கட்ட வேண்டியது கூடிவிடும். போட்ட பணம் பற்றாமல் துணை மதிப்பீட்டுக்கு வரும் வழக்கமான இனங்களில் இதுவும் ஒன்று. ஆயிரத்துக்கு மேல் ஓடும் யூனிட்டுக்கு உங்கள் பில்தான் பேசும்.

கேள்வி: பின்னலாடைக்கு ஜிஎஸ்டியை மாநில பட்ஜெட்டில் குறைக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா?
– ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர், திருப்பூர்

கொடுக்கலாம், பலன் இருக்காது. விகிதத்தைப் பரிந்துரைப்பது 279-அ பிரிவின்கீழ் உள்ள ஜிஎஸ்டி மன்றம். அங்கே மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவாக நான்கில் மூன்று பங்கு வேண்டும். தமிழ்நாடு அதில் ஒரு குரல்தான். மாநிலத்தின் கையில் நேரடியாக மிஞ்சியிருப்பவை பெட்ரோல், டீசல், மது மீதான வரி, பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சார வரி போன்றவை.

இவற்றில் சொன்னால் உடனே நடக்கும். 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது மறுநாளே பங்க்கில் தெரிந்தது. 2023-இல் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 4 என்பது 2 ஆனது, கூடவே வழிகாட்டி மதிப்பும் ஏறியது என்பதையும் மறக்க வேண்டாம். வரியைக் குறைப்பதற்கு ஓர் அரசாணையோ சட்டத் திருத்தமோ போதும். பாலத்துக்கு எஸ்டிமேட், டெண்டர், ஜல்லி எல்லாம் வேண்டும்.

நாம் கட்டும் மத்திய வரி எவ்வளவு திரும்பி வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 15-ஆவது நிதி ஆணையத்தின் 2021–26 கணக்குப்படி, நாடு முழுவதும் திரளும் பகிரத்தக்க வரியில் நூறு ரூபாய்க்கு 41 ரூபாய் எல்லா மாநிலங்களுக்கும். அந்த 41-இல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. ஆக நூறு ரூபாய்க்குச் சுமார் 1 ரூபாய் 67 பைசா. செஸ், கூடுதல் தீர்வை (சர்சார்ஜ்) எல்லாம் இந்த நூறு ரூபாய்க்குள் வராது.

கேள்வி: வருவாய்ப் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்? டி.வி.யில பேசறவங்க ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்க.
– மளிகைக் கடைக்காரர், ஈரோடு

ரெண்டு நம்பரும் சரியாகத்தான் இருக்கும், வேறு வேறு கணக்கு. 2025 மார்ச் 14 அன்று வைத்த 2025–26 பட்ஜெட்டையே எடுத்துக்கொள்வோம். வருவாய் வரவு 3,31,569 கோடி. அதில் மாநிலம் சொந்தமாக வசூலிக்கும் வரி மட்டும் 2,20,895 கோடி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று கரைந்துபோகும் வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. கழித்தால் 41,635 கோடி துண்டு விழுகிறது. இது வருவாய்ப் பற்றாக்குறை. கடையில் சொன்னால், கல்லாவில் வந்தது வாடகைக்கும் ஆள் கூலிக்கும் பற்றவில்லை.

இதற்கு மேல் சாலை, அணை, கட்டடம் என்று மூலதனச் செலவு 57,231 கோடி. அதையும், அரசு மற்றவர்களுக்குக் கொடுக்கும் கடனையும் சேர்த்தால் மொத்தம் 1,06,963 கோடி. இது நிதிப் பற்றாக்குறை, ஏறத்தாழ அந்த ஆண்டு வாங்க வேண்டிய கடன்.

ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். வாங்கும் நூறு ரூபாய்க் கடனில் 39 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போகிறது. கடன் வாங்கிக் கடையை விரிவாக்குவது வேறு, கடன் வாங்கிக் கரண்ட் பில் கட்டுவது வேறு. எங்களைக் கேட்டால் மொத்தக் கடன் எத்தனை லட்சம் கோடி என்று அலறுவதைவிட இந்த 39 எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதே சரி. கடன் வாங்கவும் மாநிலத்துக்கு முழுச் சுதந்திரம் கிடையாது. மத்திய அரசுக்குத் தர வேண்டிய கடன் பாக்கி இருக்கும்வரை 293-ஆம் பிரிவுப்படி அதன் சம்மதம் வேண்டும்.

கேள்வி: வேளாண் பட்ஜெட் தனியாகப் போடுகிறார்களே, அதற்குத் தனி கஜானாவா?
– மஞ்சள் விவசாயி, கொடுமுடி

கஜானா ஒன்றுதான். 2021 ஆகஸ்ட் 14-இல் முதல் வேளாண் பட்ஜெட் வந்தது. 2025–26-க்கு 45,661 கோடி என்றார்கள். ஆனால் இது வேளாண் துறையின் ஒரு கோரிக்கையில் உள்ள பணம் அல்ல. கால்நடை, கூட்டுறவு, இலவச மின்சாரம் என்று பல துறைகளில் சிதறிக் கிடப்பதைக் கூட்டிச் சொல்வது. பேரவை ஓட்டுப் போடுவது அந்தந்தத் துறைக் கோரிக்கைக்குத்தான்.

கேள்வி: தேர்தல் வருடத்தில் ‘இடைக்கால பட்ஜெட்’ என்கிறார்களே, அரைப் பட்ஜெட்டா?
– வாசகி, கரூர்

முழு ஆண்டுக் கணக்கும் இருக்கும், அனுமதி மட்டும் சில மாதத்துக்கு. புது அரசு வந்து முடிவெடுக்கட்டும் என்று, சம்பளம், நடப்பு வேலைகள் நிற்காத அளவுக்கு 206-ஆம் பிரிவின்கீழ் முன்பண மானியம் வாங்கிக்கொள்வார்கள். 2021-இல் பிப்ரவரி 23 அன்று ஓ.பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் வைத்தார். ஏப்ரலில் தேர்தல், மே மாதம் ஆட்சி மாற்றம். ஆகஸ்ட் 13 அன்று பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட் வைத்தார்.

முன்பண மானியம் தேர்தல் வருடத்துக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. 2025-இலும் மார்ச் 14 பட்ஜெட்டுக்குப் பிறகு, மார்ச் 24 முதல் ஏப்ரல் கடைசி வரை துறை விவாதம் நடந்தது. ஏப்ரல் 1 அன்று ஆஸ்பத்திரி திறந்திருக்க வேண்டுமல்லவா? அதற்காக முன்பண மானியம் மார்ச்சிலேயே வாங்கிவிடுவார்கள்.

கேள்வி: நிதித்துறை இணையதளத்தில் புத்தகத்தைத் திறந்தால் எண்களாகவே இருக்கிறது. எங்கிருந்து படிப்பது?
– கல்லூரி ஆசிரியர், தாராபுரம்

உரையை விட்டுவிட்டு மானியக் கோரிக்கைப் புத்தகத்துக்கு நேரே போங்கள். நான்கு பத்திகள் இருக்கும்: இரண்டாண்டுக்கு முந்தைய உண்மைக் கணக்கு, நடப்பாண்டு வரவு–செலவு மதிப்பீடு, நடப்பாண்டு திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. முதலில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுங்கள். 50 கோடி போட்டு 8 கோடியாகத் திருத்தியிருந்தால் அந்தத் திட்டம் நகரவில்லை. மறுபடி அடுத்த ஆண்டுக்கு 50 கோடி போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

தலைப்பு எண்ணின் முதல் இலக்கமே பாதி விசயத்தைச் சொல்லிவிடும். 0, 1 என்றால் வரவு. 2, 3 வருவாய்ச் செலவு. 4, 5 மூலதனச் செலவு. 6, 7 கடன். 8 எதிர்பாராச் செலவு நிதி, பொதுக் கணக்கு (வைப்புநிதி போல அரசு பிறருக்காக வைத்திருக்கும் பணம்). உதாரணமாக 3054 சாலைப் பராமரிப்பு, 5054 புதுச் சாலை, பாலம். 5054–03–337 என்று வந்தால் 03 மாநில நெடுஞ்சாலை, 337 சாலைப் பணி. அதற்குக் கீழே எழுத்துக் குறியோடு திட்டத்தின் பெயர் வரும். ஒரு ஊருக்குப் புதுச் சாலை போட்டோம் என்று சொல்லிவிட்டுப் பணம் 3054-இல் இருந்தால், அது ஒட்டுப்போடும் வேலையாக இருக்கலாம்.

கேள்வி: நம்ம பக்கத்து ஆளுங்க யாராவது பட்ஜெட் போட்டிருக்காங்களா?
– வாசகர், அன்னூர்

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டே நம்மூர்க்காரர் வைத்ததுதானுங்க. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார், 1947 நவம்பர் 26. ஏழரை மாதத்துக்கான பட்ஜெட் அது. பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம் 1950-களில் சென்னை மாநில நிதியமைச்சர், 1970-களில் மத்திய நிதியமைச்சர்.

கேள்வி: எங்க சங்கத்துல வருசாவருசம் பிப்ரவரியில மனு கொடுக்கறோம். ஒண்ணும் நடக்கல. வேற எப்படிக் கொடுக்கணும்?
– பாசன சபை உறுப்பினர், காங்கேயம்

பிப்ரவரியில் புத்தகம் அச்சுக்குப் போகும் நேரம். துறையின் எஸ்டிமேட் சென்னைக்குப் போவதற்கு முன், அதாவது ஆகஸ்ட், செப்டம்பரில் உங்கள் மனு கோட்ட அலுவலகத்தில் இருக்க வேண்டும். நேரே கோட்டைக்கு அனுப்பினால் அது சுற்றிவிட்டு ‘அறிக்கை தருக’ என்று அதே கோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும்.

இரண்டாவது, சரியான துறை. கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, மாநில பட்ஜெட்டில் கேட்டுப் பயனில்லை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத ஊர்ச்சாலை என்றால் பெரும்பாலும் ஊராட்சியோ ஒன்றியமோ வைத்திருக்கும், ஊரக வளர்ச்சித் துறையில் கேட்க வேண்டும். வாய்க்கால் பாலம் என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் எஸ்டிமேட் நகராது. தப்பான துறைக்குக் கொடுத்த மனு ஒரு வருடத்தைத் தின்றுவிடும்.

மூன்றாவது, அளவு. சிறுபாலம், தடுப்புச்சுவர் போன்றவை என்றால் மாநில பட்ஜெட் வரை போக வேண்டியதில்லை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி இருக்கிறது. அவர் பரிந்துரைத்தால் மாவட்ட நிர்வாகமே ஒப்புதல் தரும். நிதியாண்டு தொடங்கியதும் போய்ப் பாருங்கள், பங்குனி வரை காத்திருந்தால் அது தீர்ந்திருக்கும்.

மனுவில் ‘ஆவன செய்ய வேண்டும்’ என்று நாலு பக்கம் எழுதாமல், புல எண், சாலையின் பெயர், எத்தனை மீட்டர், மழைக்காலத்தில் எத்தனை நாள் போக்குவரத்து நிற்கிறது, அணுகுசாலைக்கு நிலம் தர உடன்படுபவர்களின் கையெழுத்து, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். நிலச் சம்மதம் கையில் உள்ள வேலை எஸ்டிமேட் பட்டியலில் மேலே ஏறும்.

ஏற்கெனவே அறிவித்த வேலை என்றால் மனு வேண்டாம், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி நான்கே கேள்வி கேளுங்கள்: நிர்வாக ஒப்புதல் அரசாணை எண்ணும் தேதியும், எந்தக் கணக்குத் தலைப்பு, இந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு, இன்றுவரை செலவு எவ்வளவு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். முதல் கேள்விக்கே ‘இன்னும் வழங்கப்படவில்லை’ என்று பதில் வந்தால், மற்ற மூன்றையும் படிக்கத் தேவையில்லை. அடுத்த மனுவை நிர்வாக ஒப்புதல் கேட்டே எழுதுங்கள்.